உடம்பில் எதிர்ப்பொருள் இருந்தும் ஏன் காக்கவில்லை?

திருவண்ணாமலையில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை



 இன்று பௌர்ணமி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிரிவலக் கூட்டத்தில் பஸ் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகையால் சுருக்கமாகவே பேச முயலுகிறோம்.

கடந்த சில மாதங்களில் உங்களில் பலர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகைச் செய்தியை வெட்டி இணைத்து, "எய்ட்ஸுக்கு வருஷத்துக்கு இரண்டே ஊசி என்று வந்துவிட்டதாமே, இனி உங்களிடம் அந்தப் பிரிவு தேவைப்படுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "நாற்பது வருஷமாய்த் தேடுகிறார்களே, இன்னுமா ஒரு தடுப்பூசி கிடைக்கவில்லை?" என்று சற்றுக் கோபமாகவே எழுதிய பெரியவர் ஒருவரும் உண்டு. அவர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரைச் சொல்ல மாட்டோம், ஊரையும் சொல்ல மாட்டோம். எச்.ஐ.வி. உள்ளவர். கர்ப்பகாலத்திலேயே மாத்திரை தொடங்கி, எங்களிடத்தில் பிரசவமாகி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஆறாம் வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, இரத்தத் துளிகளை அட்டையில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அது கிருமியையே தேடும் பரிசோதனை. கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது, விவரம் தெரியாமல் வேறோர் இடத்தில் சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிட்டார்கள். 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டோடு ஓடிவந்தார்.

எங்கள் நர்ஸ் அவரை உட்காரவைத்து, "பயப்படாதேம்மா. இது கிருமி இருக்குன்னு சொல்ற டெஸ்ட் இல்ல. கிருமிக்கு எதிரா உண்டாகிற எதிர்ப்பொருள் இரத்தத்துல இருக்குன்னு மட்டுந்தான் சொல்லும். அது உன் எதிர்ப்பொருள். நீ வயித்துல சுமந்தப்போ பிள்ளைக்குப் போனது. ஒன்றரை வயசுக்குள்ள மறைஞ்சிடும்" என்று விளக்கினார்.

அந்தத் தாய் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எதிர்ப்பு இருக்குதுன்னா நல்லதுதானே சிஸ்டர்? அது ஏன் மறையணும்? எனக்கும் அந்த எதிர்ப்பு இருக்குதுன்றீங்களே, அப்புறம் எனக்கு எப்படி இந்த வியாதி?"

எட்டாவது வரை படித்தவர். ஆனால் உலகத்தின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் நாற்பது வருஷமாய்த் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிற கேள்வி அதுதான். அம்மை வந்து பிழைத்தவனுக்கு மறுபடி அம்மை வராது. உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டது என்று சொல்லுகிறோம். எச்.ஐ.வி.யிலோ எதிர்ப்பொருள் உண்டாகியிருப்பதே வியாதி இருக்கிறது என்பதற்கு அடையாளம்!

இந்த எதிர்ப்பொருள் பரிசோதனைக்கும் நம் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. 1986ஆம் ஆண்டு. அப்போது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. வேலூர்தான் நமக்குத் தலைநகர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் ஓர் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லாரும் நிச்சயமாய் நம்பியிருந்த காலம். நிர்மலா சென்னையில் பெண்களிடம் இரத்தம் சேகரித்து, வசதியில்லாததால் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்து, ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலைசா முறையில் பரிசோதித்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாய் மாறின. பின்னர் அமெரிக்காவிலும் அது உறுதியாயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்படித்தான். டாக்டர் சுனிதி சாலமன் பிறகு ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை இந்த நோயாளிகளோடேயே இருந்தார்.

அந்த மஞ்சள் நிறம் காட்டியது எதிர்ப்பொருளைத்தான். அந்த ஆறு பேருடைய உடம்பும் சும்மா இருக்கவில்லை, கிருமியை எதிர்த்துப் போராடியிருக்கிறது. ஆனால் அந்தப் போராட்டம் பலிக்கவில்லை. ஏன்?

பௌர்ணமிக் கூட்டத்தையே உதாரணமாகச் சொல்லுகிறோம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினான்கு கிலோமீட்டர் பாதை, லட்சக்கணக்கான ஜனம். அதில் ஒரு ஜேப்படித் திருடன். போலீஸுக்குக் கிடைத்த அடையாளம், சிவப்புச் சட்டை. அவனோ ஒவ்வொரு திருப்பத்திலும் சட்டையை மாற்றுகிறான். போலீஸ் சிவப்புச் சட்டையைத் தேடும்போது அவன் நீலச் சட்டையில் இருக்கிறான். நீலச் சட்டை என்று செய்தி வரும்போது வேட்டியும் துண்டுமாய் இருக்கிறான். போலீஸ் சோம்பேறிகள் அல்ல. அவர்களுக்குக் கிடைக்கிற அடையாளம் எப்போதும் பழைய அடையாளம், அவ்வளவுதான்.

எச்.ஐ.வி. அப்படிப்பட்ட திருடன். தன்னைத்தானே நகல் எடுக்கும்போது ஏராளமான பிழைகளோடு எடுக்கிறது. ஒரே நோயாளியின் உடம்பில் உண்டாகும் வேறுபாடுகள், உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் ஃபுளூ கிருமியில் காணப்படும் வேறுபாடுகளுக்குச் சமம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். இது போதாதென்று, அந்தக் கிருமியின் மேலுள்ள முட்கள் சர்க்கரைப் பொருளால் போர்த்தப்பட்டிருக்கின்றன. அந்தச் சர்க்கரையோ நம்முடைய சொந்த உயிரணுக்களே செய்து கொடுத்தது. ஆகவே உடம்பு அதை அந்நியமாய்ப் பார்ப்பதில்லை. முட்களும் மிகக் குறைவு, ஒரு கிருமிக்குச் சுமார் பத்துப் பதினைந்துதான். எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் உண்டு. முட்கள் இப்படித் தள்ளித் தள்ளி இருப்பதால் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் இறுகப் பிடிப்பது கடினம். உடைந்துபோன முட்களும், கிருமியின் உள்பாகங்களும் இரத்தத்தில் கிடப்பதால் உடம்பு அவற்றுக்கெல்லாம் எதிர்ப்பொருள் செய்துகொண்டிருக்கிறது. பரிசோதனையில் நாம் காண்பது பெரும்பாலும் அவற்றைத்தான். கிருமியைத் தொடும், ஆனால் தடுக்காது.

தடுக்கிற எதிர்ப்பொருள் வேறு. கிருமி நம் உயிரணுவுக்குள் நுழையாதபடி அதைச் செயலற்றதாக்குவது. ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடிக்கும் விதம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். கிருமி உள்ளே நுழைந்தால் ஒளிவிடும்படியாக, மின்மினிப்பூச்சியின் ஒளிப்பொருளுக்கான மரபணுவை உயிரணுக்களில் வைத்திருக்கிறார்கள். நோயாளியின் இரத்தநீரைக் கலந்து கிருமியை விடுவார்கள். வெளிச்சம் வந்தால் கிருமி நுழைந்துவிட்டது. இருட்டாகவே இருந்தால் எதிர்ப்பொருள் தடுத்துவிட்டது. ஒரே வகைக் கிருமியை அல்ல, பல நாட்டுக் கிருமிகளை ஒவ்வொன்றாய் விட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் இருட்டாக்குகிற இரத்தநீர் அபூர்வம்.

அபூர்வமே தவிர, இல்லாமல் இல்லை. திருடன் எந்தச் சட்டையை மாற்றினாலும், பாக்கெட்டில் விடுகிற கையை மாற்ற முடியாதல்லவா? அதுபோல் கிருமி நம் வெள்ளணுவைப் பற்றிக்கொள்ளுகிற இடம் ஒன்று உண்டு. அதை அதிகம் மாற்றினால் அதற்கே பிழைப்பில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றும் எதிர்ப்பொருளைச் சிலருடைய உடம்பு செய்கிறது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பதினைந்து வருஷத்துக்கும் மேலாக எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த ஒருவருடைய இரத்தத்திலிருந்து வி.ஆர்.சி.01 என்ற எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சோதித்த கிருமி வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறை அது தடுத்தது. அதற்கு முந்தின வருஷம், ஆப்பிரிக்கா உட்பட பல நாடுகளிலிருந்து சுமார் 1,800 பேர் கொடுத்த இரத்தத்தைச் சலித்ததில் பி.ஜி.9, பி.ஜி.16 என்ற இரண்டு கிடைத்தன. இரத்தம் கொடுத்தவர்களுக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை. அப்படிப்பட்ட எதிர்ப்பொருள் உண்டாக இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். அதற்குள் அவரவர் உடம்பிலுள்ள கிருமி தப்பி ஒளிந்துவிட்டிருக்கும். தன்னைக் காப்பாற்றாத ஒன்றைப் பிறருக்காகக் கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. இந்தியாவில் அதிகமாய்க் காணப்படுவது 'சி' என்ற வகைக் கிருமி. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் கல்பனா லூத்ராவின் குழுவினர், அந்த வகைக் கிருமி உள்ள பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய்ந்து, 2019இல் ஒரு பிள்ளையிடமிருந்து கிடைத்த எய்ம்ஸ்-பி01 என்ற எதிர்ப்பொருளைப் பற்றி வெளியிட்டார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு இப்படிப்பட்ட எதிர்ப்பொருளைச் சீக்கிரமாய்ச் செய்கிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஏன் என்பதற்கு இன்னும் முழு விளக்கம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பிரிவில் வேலை செய்கிற எங்களுக்கு இந்தச் செய்தி மனதைத் தொட்டது.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். 1984இல் அமெரிக்க சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர், இரண்டு வருஷத்தில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னார். மஞ்சள் காமாலை பி வகைக்குக் கிருமியின் மேலுறைப் பொருளை மட்டும் செய்து ஊசியாகப் போட்டு வெற்றி கண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த ஊசியைத்தான் போடுகிறோம். அதே வழியில் எச்.ஐ.வி.யின் முள்ளைச் செய்து போட்டால் போதும் என்று நினைத்தார்கள். போட்டார்கள். எதிர்ப்பொருளும் தாராளமாய் உண்டாயிற்று. ஆனால் சிவப்புச் சட்டையைத் தேடுகிற எதிர்ப்பொருள்! 2003இல் அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் அந்த ஊசி பலனில்லை என்று தெரிந்தது. 2009இல் தாய்லாந்தில் பதினாறாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த இன்னொரு சோதனையில் 31 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாக முடிவு வந்தது. அதைச் சீர்ப்படுத்தி தென்னாப்பிரிக்காவில் செய்தபோது பலனில்லை. 2020இல் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

நம் சென்னையும் பங்கெடுத்தது. 2005இல் புனேயில் தொடங்கிய சோதனைக்கு அடுத்தபடியாக, 2006இல் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், 'சி' வகைக் கிருமியின் துண்டுகளை வலுவிழந்த அம்மைக் கிருமியில் ஏற்றிச் செய்த தடுப்பூசி 32 பேருக்குச் சோதிக்கப்பட்டது. அவர்கள் நோயில்லாதவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஊசி ஆபத்தில்லாதது என்று தெரிந்தது. ஆனால் நாம் தேடுகிற பலமான எதிர்ப்பொருளுக்கு அந்த வழி கொண்டுபோகவில்லை. இப்படிப்பட்ட சோதனைகளுக்கு வருகிறவர்களைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். தடுப்பூசி எடுத்தவருக்கு எதிர்ப்பொருள் உண்டாவதால், சாதாரணப் பரிசோதனையில் அவருக்கு வியாதி இருப்பதுபோல் காட்டக்கூடும். கல்யாணப் பேச்சு, வெளிநாட்டு வேலை, இரத்ததானம் எல்லாவற்றிலும் சங்கடம் வரலாம். அது தெரிந்தும் கையை நீட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி யாரும் பத்திரிகையில் எழுதுவதில்லை.

இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த வருஷங்களில் எங்கள் ஆலோசனை அறையில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களிடம், "தைரியமா இருங்க, இன்னும் அஞ்சு வருஷத்துல தடுப்பூசி வந்திடும்" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். ஆறுதலுக்காகச் சொன்னது. நெசவுத் தொழிலாளி ஒருவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். 2009இல் தாய்லாந்துச் செய்தி பத்திரிகையில் வந்ததும், "ஊசி கண்டுபிடிச்சிட்டாங்க" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழு மாதம் கழித்து எலும்பும் தோலுமாய், காசநோயோடு அவருடைய மனைவி அழைத்துவந்தார். தடுப்பூசி என்பது நோய் வராதவருக்கு. ஏற்கெனவே வந்தவருக்கு அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. அந்த ஒரு வார்த்தையை நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பிழைத்துக்கொண்டார், இன்றும் மாத்திரை எடுக்கிறார். ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தறி நின்றது. மூத்த மகளின் படிப்பும் நின்றது. அது திரும்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆலோசனை அறையில் யாரும் வருஷக்கணக்குச் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறோம்.

அப்படியானால் இன்று எந்த நிலையில் இருக்கிறது? தலைகீழாக யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கிருமியிலிருந்து தொடங்காமல், வி.ஆர்.சி.01 போன்ற நல்ல எதிர்ப்பொருளிலிருந்து தொடங்கி, இது உண்டாவதற்கு முன் எந்த வெள்ளணு இதற்கு மூதாதையாய் இருந்தது என்று பின்னோக்கிப் போகிறார்கள். அந்த மூதாதை அணு பெரும்பாலானவர்களுடைய உடம்பில் உண்டு, ஆனால் மிகமிகச் சில. அதை மட்டும் தட்டி எழுப்பும்படியாக ஒரு பொருளை வடிவமைத்து முதல் ஊசியாகப் போடுவது. பிறகு வேறு வேறு ஊசிகளால் படிப்படியாய் அதை நடத்திக்கொண்டுபோவது. 2022இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், ஊசி போட்ட 36 பேரில் 35 பேருக்கு அந்த மூதாதை அணு விழித்துப் பெருகியது. ருவாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்த சோதனையின் நல்ல முடிவுகள் 2025இல் வந்தன. அமெரிக்காவில் இதன் புதிய வடிவத்தைப் போட்டுக்கொண்ட சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டானதால் அளவைத் திருத்த வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால், பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத இன்னும் வெகுதூரம்.

எதிர்ப்பொருளையே மருந்தாக ஏற்றிப் பார்த்ததும் உண்டு. ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள் இவற்றில் சுமார் 4,600 பேர் பங்கெடுத்த சோதனையில் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வி.ஆர்.சி.01ஐ நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் அந்த எதிர்ப்பொருளுக்கு எளிதில் அடங்கும் வகைக் கிருமியைப் பொறுத்தவரை, தொற்று நான்கில் மூன்று பங்கு குறைந்திருந்தது. எங்கள் அபிப்பிராயத்தில் இந்தத் தோல்விதான் இதுவரை கிடைத்த மிக நல்ல செய்தி. சரியான எதிர்ப்பொருள் மனிதனைக் காக்கும் என்பது முதல்முறையாக நிரூபணமாயிற்று. ஒன்று போதாது, இரண்டு மூன்று சேர்ந்து வேண்டும் என்பதும் தெரிந்தது. இந்தச் சமயத்தில் பணம் சுருங்குகிறது என்பது வருத்தம். 2025 மே மாதத்தில், இந்த ஆராய்ச்சியை நடத்திவந்த இரண்டு பெரிய கூட்டமைப்புகளுக்கு இனி நிதி நீட்டிக்கப்போவதில்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது.

பத்திரிகையில் வந்த 'வருஷத்துக்கு இரண்டு ஊசி'க்கு வருகிறோம். அது லெனகாபவிர் என்ற மருந்து. தடுப்பூசி அல்ல. உடம்புக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்காது. உள்ளே இருக்கும்வரை கிருமியைத் தடுக்கும், தீர்ந்தால் மறுபடி போடவேண்டும். 2024இல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அருமையான மருந்து. அது நம் கிராமத்துப் பெண்ணுக்கு வாங்கக்கூடிய விலையில் கிடைக்கவேண்டும் என்பதே எங்கள் ஆசை.

உங்களில் மூன்று பேர், தடுப்பூசி ஆராய்ச்சிக்கென்று பணம் தனியே அனுப்பியிருக்கிறீர்கள். எங்களிடத்தில் அந்த ஆராய்ச்சி இல்லை என்பதால், வேறு வேலைக்குச் செலவு செய்யலாமா என்று உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். மாத்திரை 2004 முதல் அரசாங்கத்தில் இலவசமாய்க் கிடைக்கிறது. தாய் சிகிச்சையே எடுக்காவிட்டால் நூறு குழந்தைகளில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரைக்கும் தொற்று வரலாம். ஒழுங்காய் எடுத்தால் ஐந்துக்கும் கீழே. ஆனால் ஆறாம் வாரத்துக்கும் பதினெட்டாம் மாதத்துக்கும் நடுவே, பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் இல்லாததால் வராமல் நின்றுவிடுகிற தாய்மார் இருக்கிறார்கள். உங்களுக்குச் சம்மதமானால் அந்தப் பணம் அதற்குப் போகும்.

முதலில் சொன்ன தாய் பதினெட்டாம் மாதத்தில் குழந்தையோடு வந்தார். இந்த முறை எலைசாவில் ஒன்றும் இல்லை. எதிர்ப்பொருள் முழுவதும் மறைந்துவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு, "எதிர்ப்பு போயிடுச்சுன்னு சந்தோஷப்படணும், அப்படித்தானே சிஸ்டர்?" என்றார். ஆமாம் என்று சொன்னோம்.

மணி ஐந்தாகப் போகிறது. தேநீர் வராந்தாவில் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் முதலில் குடித்துவிட்டுப் புறப்படுங்கள். எங்கள் வேன் பஸ் நிலையம்வரை கொண்டுவிடும்.